குவாடலூப் ஆற்றுக்குக் குடும்பத்தோடு: முதலில் கன அடியைப் பாருங்கள்

“டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் வசிக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. பிள்ளைகளுக்கு 7, 11. ஜூன் மாதம் குவாடலூப் ஆற்று மாநிலப் பூங்காவில் காற்றடைத்த டியூபில் மிதந்து, ஓர் இரவு கூடாரத்தில் தங்க ஆசை. 2025 வெள்ளத்துக்குப் பிறகு பயமும் இருக்கிறது. என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

மூட்டை கட்டுவது இருக்கட்டும். ஆற்றின் எந்தப் பகுதிக்குப் போகிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். குவாடலூப்பில் டியூப் என்றதும் நண்பர்கள் சொல்லும் கதைகள் பெரும்பாலும் நியூ பிரான்ஃபெல்ஸ் பக்கத்தவை. அது கேன்யன் அணைக்குக் கீழே உள்ள ஆறு. அணையின் அடியிலிருந்து திறக்கப்படும் குளிர்ந்த நீர் ஓடுவது. உங்கள் பூங்கா அணைக்கு மேலே இருக்கிறது. அங்கே நீரை அடக்கி விட யாரும் இல்லை. மழை பொய்த்த கோடையில் டியூப் கல்லில் தட்டி நிற்கும். மேற்கே கொட்டித் தீர்த்தால் அத்தனையும் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ஆகவே கிளம்பும் நாள் காலையில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் இணையதளத்தில் ஸ்பிரிங் பிராஞ்ச், கம்ஃபர்ட் என்ற இரண்டு நீரளவு நிலையங்களையும் பாருங்கள். ஸ்பிரிங் பிராஞ்ச் பூங்காவுக்குக் கீழே, கம்ஃபர்ட் மேலே. மேட்டூர் அணைச் செய்தியில் கேட்டுப் பழகிய அதே ‘நொடிக்கு இத்தனை கன அடி’தான் கணக்கு. நூறு கன அடி என்பது நொடிக்கு ஏறத்தாழ 2,800 லிட்டர். என் சொந்த வரம்பைச் சொல்கிறேன்: நூறை ஒட்டி இருந்தால் பிள்ளைகளை இறக்குவேன், முந்நூறைத் தாண்டினால் கரையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். எண்ணைவிட அதன் போக்கு முக்கியம். கம்ஃபர்ட் நிலையத்தின் வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறினால் அன்றைக்கு ஆறு வேண்டாம்.

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த மலைப்பகுதி சுண்ணாம்புப் பாறை. மேலே மண் மெல்லிய போர்வை. விழுந்த மழையை உறிஞ்ச இடமில்லாமல் ஓடைகள் உடனே ஆற்றில் கொட்டும். 2025 ஜூலை 4 விடிவதற்கு முன், பூங்காவுக்கு வெகு மேலே ஹண்ட் பகுதியில் முக்கால் மணி நேரத்தில் ஆறு சுமார் 26 அடி உயர்ந்தது. அந்தப் பகுதி அடங்கிய கெர் மாவட்டத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். 1987 ஜூலையில் கம்ஃபர்ட் அருகே முகாம் முடிந்து திரும்பிய பதின்ம வயதினர் 10 பேரை இதே ஆறு கொண்டுபோனது. குற்றாலத்தில் நீர் கூடினால் விசில் ஊதி மேலேற்றப் போலீஸ் நிற்கும். இங்கே உயிர்காப்பாளர் கிடையாது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, பொருட்களை அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் காரை இறக்கவே கூடாது.

கூடாரத்தைப் பற்றி: முதல் முறை பகல் பயணமாகவே வையுங்கள். பெரியவர்களையும் பிள்ளைகளையும் இருட்டில் எழுப்பி மேடேற்றும் வேலை எளிதல்ல. ஜூன் இரவின் புழுக்கமும் பெற்றோருக்கு ஆகாது. தங்கியே தீர வேண்டும் என்றால் அக்டோபருக்கு மேல், ஆற்றை விட்டுத் தள்ளிய கூடார இடமாகப் பார்த்து எடுங்கள். அப்போதும் வானிலை எச்சரிக்கைகளை ஒலிபரப்பும் வானொலிக் கருவி ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியை மட்டும் நம்ப வேண்டாம்.

பகல் பயணத்துக்கும் முன்பதிவு அவசியம். கோடை வார இறுதிகளில் பூங்கா நிரம்பிவிடும். ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போய் வாசலில் திரும்புவது கொடுமை. செவ்வாய், புதன் என்றால் நிம்மதி. பெரியவர்களுக்கு ஆளுக்கு 7 டாலர், 12 வயது வரை இலவசம். உங்கள் வீட்டில் பெரியவர்கள் நால்வர் என்றால் 28. ஆண்டுச் சீட்டு 70 டாலர். உங்களோடு அதே காரில் வருவோருக்கும் செல்லும் என்பதால் மூன்றாவது பயணத்திலேயே லாபம். ஆனால் சீட்டு இருந்தாலும் முன்பதிவு செய்யத்தான் வேண்டும்.

இனி மூட்டை. பிள்ளைகள் இருவருக்கும் உடம்போடு பொருந்தும் உயிர்காப்பு அங்கி. கையில் மாட்டும் காற்றுப்பை பொம்மை, அதை நம்பாதீர்கள். அடியில் பாசி படிந்த கல் என்பதால் பின்பக்கம் வார் உள்ள செருப்பு, அம்மாவுக்கும் சேர்த்து. அவர் கால் நனைக்கக் கணுக்கால் அளவே போதும். பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். மடக்கு நாற்காலி இரண்டு. கரையோர சைப்ரஸ் மரங்களின் நிழல் அருமையானது, ஆனால் இடம் பிடிக்கக் காலை ஒன்பதுக்கே போய்விட வேண்டும். அடுப்புக்கரி கொண்டுபோகுமுன் தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். மீதிச் சோற்றைப் பறவைக்கு வைக்கும் நம் வழக்கம் அங்கே செல்லாது. காட்டு உயிர்களுக்கு உணவிடத் தடை. பொது இடத்தில் மதுவுக்கும் தடைதான்.

அப்பாவுக்கு ஆற்றில் நாட்டமில்லை என்றால் ஒரு தொலைநோக்கியைக் கொடுத்து ஜூனிப்பர் மரங்கள் பக்கம் அனுப்புங்கள். பொற்கன்னக் கதிர்க்குருவி என்று சொல்லத்தக்க ஒரு சிறு பறவை அந்த மரப்பட்டையை உரித்துத்தான் கூடு கட்டுகிறது. டெக்சாஸை விட்டால் உலகில் வேறெங்கும் அது கூடு வைப்பதில்லை. கோடை முற்றினால் தெற்கே பறந்துவிடும், ஆகையால் ஜூன் முதல் வாரமே நல்லது.