தனியாகக் கவனம் வைத்துச் செய்யும் வேலையையும் குழுவாகச் செய்யும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நான் கன்னியாகுமரி மாவட்டம் மயிலாடியில் ஒரு சிற்பப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். கேட்டதற்கு என் பதில்: பாதி நேரம் இது, பாதி நேரம் அது என்று பிரித்துப் பயனில்லை. திருத்தவே முடியாத கட்டம் வருவதற்கு முன்னால் எல்லாரும் கூடிப் பேச வேண்டும். அதற்கப்புறம் செய்கிற ஆளைத் தொந்தரவு பண்ணாமல் தனியாக விட்டுவிட வேண்டும்.

கல்லில் செதுக்கி எடுத்ததை மறுபடி ஒட்ட முடியாது. அதனால் கல்லைத் தட்டிச் சத்தம் கேட்பது, நூல் பிடித்து மையக்கோடு போடுவது, தாள அளவு (முக நீளத்தை வைத்து உடம்பின் அளவுகளைப் போடும் கணக்கு) பிரித்துக் காவியால் வரைவது எல்லாம் நாலு பேர் சுற்றி நின்றுதான். வாக்குவாதம் வரும், வரட்டும். முகம் மட்டும் ஒரே ஆள் கையில். உதட்டோரத்தில் உளியைச் சாய்த்துப் பொடிப்பொடியாக எடுக்கும்போது, "அண்ணே, டீ சொல்லட்டா?" என்று கேட்டால்கூடக் கை நின்றுவிடும். விட்ட இடத்தைப் பிடிக்க நேரமாகும்.

கிரைண்டர் ஓடினால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. அது ஒரு வகையில் வசதி. சந்தேகங்களைச் சேர்த்து வைத்திருப்போம். கரண்ட் போனால் மீட்டிங். ("இன்னைக்கு எவ்வளவு முடிஞ்சுது, போட்டோ அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் கேட்கும் கஸ்டமருக்கு மட்டும் கரண்ட் போவதே இல்லை.)

பெரிய வேலைக்கும் இதே முறைதான். கணபதி ஸ்தபதி தலைமையில் உருவாகி 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட கன்னியாகுமரி வள்ளுவர் சிலை, 38 அடி பீடமும் சேர்த்து 133 அடி. அதற்கான கற்களைக் கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சங்கராபுரம் என்று வேறு வேறு ஊர்களில் செதுக்கினார்கள். அளவை முன்கூட்டியே முடிவு செய்யாமல் இருந்திருந்தால், கடல் நடுவே பாறைமேல் ஒரு கல்லும் இன்னொன்றோடு பொருந்தியிருக்காது.

தனியாகவே கிடப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு. நாள் முழுக்க ஒரு முழ தூரத்திலிருந்தே பார்த்தால், கோணல் கண்ணுக்குப் பழகிவிடும். அதனால் மெருகு போடுவதற்கு முன் யாரையாவது எட்ட நிற்கவைத்துப் பார்க்கச் சொல்வோம். சிலை பார்த்துப் பழகாத ஆளாக இருந்தால் நல்லது. கல் இறக்க வந்த லாரி டிரைவர்கூடப் போதும். "இடது காது கொஞ்சம் ஏறியிருக்கே" என்பார். சுருக்கென்று கோபம் வரும். நூலைப் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.