கோவை பக்கம் சின்ன ரியல் எஸ்டேட் அலுவலகம். தொடர்புகளைப் பராமரிக்க எந்த மென்பொருள் வாங்கலாம்?

அன்னூரில் நாலு பேரோடு அலுவலகம், மூன்று நோட்டு, ஒரு எக்ஸெல், எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் நம்பர், டெமோ காட்டிவிட்டுப் போன மூன்று கம்பெனி, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சூலூரில் 2009லிருந்து பூமி (விவசாய நிலம்), சைட் (வீட்டு மனை) இரண்டும் பார்க்கிறேன். இரண்டு மென்பொருளுக்குப் பணம் கட்டி வீணாக்கிவிட்டு மூன்றாவதில் நிலைத்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் எனக்கு எதனால் மென்பொருள் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். உடுமலை பக்கம் ஓர் அம்மாவுக்கு மூன்றே கால் ஏக்கர் தென்னந்தோப்பு. நல்ல தடம், கிணறு, கரண்ட் சர்வீஸ் எல்லாம் இருந்தது. வாங்குவதற்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி பார்ட்டி ஒருவர் கையில் பணத்தோடு இருந்தார். அந்த அம்மா, "ஆடி போகட்டுங்க, ஆவணி பொறந்ததும் கூப்பிடுங்க, பேசிக்கலாம்" என்றார். டைரியில் எழுதினேன். எழுதிய பக்கத்தைத் திருப்பவில்லை. புரட்டாசியில் நினைப்பு வந்து கூப்பிட்டால், "நீங்க கூப்பிடவே இல்லீங்களே, பக்கத்துத் தோட்டத்துக்காரரு மீடியேட்டர் ஒருத்தரக் கூட்டீட்டு வந்தாருங்க, கிரயமே ஆயிருச்சு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

அதனால் எந்த மென்பொருளைக் காட்டினாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். ஒரு பேச்சைப் பதிந்து மூடும்போது "அடுத்து எப்போது கூப்பிட வேண்டும்" என்று அது கேட்கிறதா? காலையில் திறந்தவுடன் இன்றைக்குக் கூப்பிட வேண்டியவர்களை மேலே காட்டுகிறதா? வண்ண வண்ணமாக கிராஃப் வரைந்து காட்டுவதெல்லாம் அப்புறம். நம் தொழிலில் ஒரு பார்ட்டி "இப்ப வேண்டாங்க" என்றால், பெரும்பாலும் அதற்குள் ஒரு தேதி ஒளிந்திருக்கும். பையன் பரீட்சை முடியட்டும், மஞ்சள் விற்றுப் பணம் வரட்டும், தை பிறக்கட்டும். அந்தத் தேதியைப் பிடித்து வைத்தால் போதும், மென்பொருள் தன் காசைத் தானே சம்பாதித்துவிடும்.

அடுத்தது பெயர். என் போனில் பதினோரு பழனிசாமி இருக்கிறார்கள். பழனிசாமி தோப்பு, பழனிசாமி பல்லடம் கோழிப்பண்ணை, பழனிசாமி காளப்பட்டி சைட், பழனிசாமி சம்பந்தி. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த ஒட்டுப்பெயரில்தான் விவரமே இருக்கிறது. மென்பொருளில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் மட்டும் கொடுத்திருப்பார்கள். இனிஷியலை எதில் போடுவது என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்கச் சண்டை. அதே பெயரை ஒருத்தர் தமிழில் அடிப்பார், ஒருத்தர் இங்கிலீஷில் அடிப்பார், தமிழிலேயே ஒருத்தர் ஒற்று போடுவார், இன்னொருத்தர் போடமாட்டார். தேடினால் கிடைக்காது. நாங்கள் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: தேடுவது எப்போதும் போன் நம்பரை வைத்து, பெயரோடு ஊரும் அடையாளமும் கட்டாயம். நம்பரும் பத்து இலக்கம் மட்டும். முன்னால் 91 போட்டும் போடாமலும் அடித்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். டெமோவின்போது ஒரே நம்பரை இரண்டு விதமாக அடித்து, "இவர் ஏற்கெனவே இருக்கிறார்" என்று அது சொல்கிறதா பாருங்கள். 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் மாதிரி சொத்து விளம்பரத் தளங்கள் வழியாக விசாரணை வாங்குபவராக இருந்தால் இது இன்னும் முக்கியம். ஒரே ஆள் இரண்டு தளத்திலும் கேட்டுவிட்டு, உங்கள் போர்டைப் பார்த்து நேரிலும் கூப்பிடுவார். உங்கள் பையன்கள் மூன்று பேர் தனித்தனியாகப் பேசி மூன்று விலை சொல்லிவிட்டால் முடிந்தது கதை.

இனி நான் பணத்தைத் தொலைத்த இடத்துக்கு வருகிறேன். பொதுவான விற்பனை மென்பொருள் எல்லாம் ஒரு கடையை மனதில் வைத்துச் செய்தவை. வாடிக்கையாளர் வருவார், விசாரிப்பார், வாங்குவார், போவார். பூமி வியாபாரம் அப்படி நடப்பதில்லை. பல்லடத்தில் காட்டை (மானாவாரி நிலத்தை) விற்பவர் அந்தப் பணத்தில் பொள்ளாச்சி பக்கம் தோட்டம் தேடுவார். விற்பவரும் அவரே, வாங்குபவரும் அவரே. நாளைக்கு ஒரு பார்ட்டியைக் கூட்டி வந்து கமிஷனில் பங்கு கேட்பவரும் அவராகவே இருக்கலாம். இன்னொரு பக்கம், ஒரே பூமிக்கு ஏழு பேர் இருப்பார்கள். நாலு பங்காளிகள், அதில் பேசுவது மூத்தவர், முடிவெடுப்பது இரண்டாவது தம்பியின் சம்சாரம். கட்டிக் கொடுத்த அக்கா தங்கச்சிகளையும் விட முடியாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது, 2005ல் மத்தியச் சட்டமும் வந்தது. திருப்பூரில் ஒரு தங்கச்சி, ஆஸ்திரேலியாவில் ஒரு அக்கா என்றால், அந்த இரண்டு நம்பரும் உங்களிடம் இல்லாமல் அட்வான்ஸ் போடக்கூடாது. அட்வான்ஸ் போட்ட பிறகு "அக்கா ஒத்துக்க மாட்டேங்கிறாங்க" என்று வந்து நின்ற கதை உங்களிடமும் ஒன்றிரண்டு இருக்கும்.

ஆகவே டெமோ காட்ட வருபவரிடம் இதைக் கேளுங்கள்: ஒரு பூமியோடு ஏழு பேரை, யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதி இணைத்துக் காட்டுங்கள். அதே ஏழு பேரில் ஒருவரை வேறு ஒரு பூமிக்கு வாங்குபவராகவும் காட்டுங்கள். என் இரண்டாவது மென்பொருள்காரர் இதற்கு, "கஸ்டமைஸ் பண்ணிக்கலாம் சார்" என்றார். ஆறு மாதம் பண்ணினார். பில் மட்டும் ஒழுங்காக வந்தது.

பூமி விவரத்தைப் பதிவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எங்கள் பையன்களில் ஒருவன் "2 ஏக்கர் 40" என்று எழுதுவான், ஒருவன் "240 செண்ட்" என்பான், ஒருவன் பட்டாவைப் பார்த்து ஹெக்டேர் கணக்கை அப்படியே அடிப்பான். "2.5" என்று இருந்தால் அது இரண்டரை ஏக்கரா, இரண்டு ஏக்கர் ஐந்து செண்டா? எழுதியவனுக்கே ஒரு மாதம் கழித்துத் தெரியாது. இரண்டு ஏக்கருக்கு மேல் உள்ளதைக் காட்டு என்று கேட்டால் பாதி வராது. எல்லாவற்றையும் செண்டில், வெறும் எண்ணாக மட்டும் ஏற்றுக்கொள்ளும் கட்டமாக வைத்துவிடுங்கள். ஒரு ஏக்கர் 100 செண்ட், ஒரு செண்ட் 435.6 சதுர அடி, ஒரு ஹெக்டேர் 247 செண்ட். விலையும் செண்டுக்கு இவ்வளவு என்றே இருக்கட்டும். கிராமம், சர்வே எண், உட்பிரிவு மூன்றும் தனித்தனிக் கட்டம். நாளைக்கு ஈசி (வில்லங்கச் சான்று) போட, பட்டா பார்க்க அதே வரிசையில்தான் கேட்பார்கள்.

ஆனால் கட்டங்களைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். வெயிலில் பைக்கில் காடு காடாகச் சுற்றுகிற பையன் இருபது கட்டத்தை நிரப்பமாட்டான். நிரப்பினாலும் சாயந்தரம் வந்து வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்புவான். நாங்கள் ஐந்தோடு நிறுத்தினோம்: நம்பர், யார், எந்த ஊரில் என்ன, எவ்வளவு, அடுத்து எப்போது. மீதி விவரத்தை அலுவலகத்தில் இருக்கும் அம்மணி கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொள்கிறார். குறிப்பைத் தமிழில் பேசியே பதிய முடிகிறதா என்றும் பாருங்கள். கீபோர்டில் உள்ள மைக்கே போதும், தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்தால் நிற்கிறதா என்று பார்க்க, சோதனைக்கு வாங்கிய மென்பொருள்களைப் போனில் போட்டுக்கொண்டு தாராபுரம் பக்கம் காற்றாலைக் காட்டுக்குள் ஒரு சுற்று போய் வந்தேன். ஏசி அறையில் பறந்த ஒன்று அங்கே போனதும் படுத்துவிட்டது.

வாட்ஸ்அப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் லேபிள் போடலாம், சின்ன அலுவலகத்துக்கு அது ஆரம்பத்தில் நன்றாகவே உதவும். ஆனால் ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான். அதுவும் உங்கள் நம்பரை அவர் சேமித்து வைத்திருந்தால்தான் போய்ச் சேரும். மென்பொருளோடு வாட்ஸ்அப் இணைப்பு என்று சொன்னால், அது தனிக் கட்டணத்தில் வரும் வேறு சேவை. அதில் பார்ட்டி கடைசியாகப் பேசி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வாசகத்தை மட்டும்தான் அனுப்ப முடியும். போன் பேச்சு தானாகப் பதிவாகும் என்று சொன்னாலும் கொஞ்சம் நிதானியுங்கள். அப்படிப் பதிவு செய்து வந்த ஆப்களின் வழியை 2022ல் கூகுள் அடைத்துவிட்டது. பதிவு வேண்டுமென்றால் சர்வர் வழியாக வரும் பொது நம்பர் ஒன்று எடுக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு.

என் முதல் மென்பொருள் எப்படிப் போனது என்றும் சொல்ல வேண்டும். வருடக் கட்டணம் கட்டினேன், பிடிக்கவில்லை, எங்கள் தகவலைக் கொடுங்கள் என்றால் பெயரும் நம்பரும் மட்டும் வந்தது. இரண்டு வருடம் எழுதிய குறிப்பு ஒன்றுகூட வரவில்லை. அதிலிருந்து எதை வாங்கினாலும் முதல் நாளே பத்து பேரைக் குறிப்போடு ஏற்றி, உடனே வெளியே எடுத்துப் பார்க்கிறேன். குறிப்பு, அடுத்த தேதி, இணைத்த படம் எல்லாம் வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. மொத்தமாக வெளியே எடுக்கும் உரிமை உங்களிடம் மட்டும் இருக்கட்டும். என்னிடம் மூன்று வருடம் இருந்த பையன் தனியாகத் தொழில் தொடங்கினான். தொடங்கட்டும், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் என் பார்ட்டிகளுக்கு அவனிடமிருந்து தீபாவளி வாழ்த்து போனபோதுதான், சிம் அவன் பெயரில் இருந்தது உறைத்தது. சிம்மை அலுவலகப் பெயரில் எடுங்கள்.

சரி, பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். நாங்கள் இப்போது வைத்திருப்பது ஜோஹோ சிஆர்எம், கட்டணத் திட்டம். ஒவ்வொரு பூமியையும் ஒரு 'டீல்' என்று வைத்து, அதோடு ஆட்களை அவரவர் பங்கோடு இணைத்துக்கொள்ள முடிகிறது. எனக்கு அந்த ஒன்று போதுமாக இருந்தது. மூன்று பேர் வரைக்கும் இலவசத் திட்டமும் இருக்கிறது. நீங்கள் ஐந்து பேர் என்றாலும் மூன்று பேரை வைத்து முதலில் பழகலாம். அதே கம்பெனியின் பிகின் இன்னும் எளிது, சைட் மட்டும் விற்பவர்களுக்குச் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஹப்ஸ்பாட்டிலும் இலவசமாகத் தொடங்கலாம், ஆனால் பெரிய திட்டத்துக்கு ஏறும்போது விலை சட்டென்று ஏறும். பெங்களூரு லீட்ஸ்கொயர்டு மாதிரியானவை நூறு பேர் போன் பேசும் பில்டர்களுக்கு. நமக்கு அது வாய்க்கால் வெட்ட ஜேசிபி. எதுவானாலும் ஆள் கணக்கில் மாதக் கட்டணம் சொல்வார்கள், மேலே 18% ஜிஎஸ்டி தனி. முதல் வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள், தள்ளுபடி எவ்வளவு சொன்னாலும் சரி.

சட்டப் பக்கம் சுருக்கமாக. ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிந்த மனைப்பிரிவை விற்கும் ஏஜென்ட்டும் பதிவு செய்திருக்க வேண்டும், கணக்கும் ஆவணமும் பராமரிக்க வேண்டும் என்று 2016 சட்டமே சொல்கிறது. அதனால் ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) எண், ரெரா எண் இரண்டுக்கும் கட்டம் வையுங்கள். 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. ஆதார் நகலை எல்லாரும் பார்க்கும்படி மென்பொருளில் ஏற்றி வைக்காதீர்கள். "இனிமேல் கூப்பிடாதீங்க" என்று ஒருவர் சொன்னால் அதற்கும் ஒரு குறி இருக்கட்டும், வேறு பையன் மறுபடி கூப்பிட்டுத் திட்டு வாங்காமல் இருக்க.

கடைசியாக, அந்த மூன்று நோட்டையும் முழுசாக ஏற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வாங்க விசாரித்தவர்களில் கடந்த ஒன்றரை வருடத்து ஆட்கள் போதும். அதற்கு முன்னால் கேட்டவர் எங்கேயோ வாங்கியிருப்பார். பூமி வைத்திருப்பவர்களை மட்டும் எத்தனை வருடம் பழையதானாலும் ஏற்றுங்கள். எக்ஸெல் ஃபைலை ஏற்றும் முன் போன் நம்பர் பத்தியின் ஃபார்மேட்டை 'நம்பர்', தசம இடம் பூஜ்யம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். 91 சேர்த்த நம்பராக இருந்தால் எக்ஸெல் அதை 9.19E+11 என்று காட்டும், அப்படியே சிஎஸ்வியாக (ஏற்றுவதற்கான எளிய ஃபைல் வகை) சேமித்தால் பின்னால் உள்ள இலக்கம் எல்லாம் போய்விடும். எங்களுக்கு அறுநூறு நம்பர் அப்படித்தான் போனது. நோட்டைத் தூக்கிப் போடாமல் இருந்ததால் பிழைத்தோம்.