கடல் எண்ணெய் மேடைத் தொழிலாளர்கள் ஹெலிகாப்டர் பயணத்துக்கு ஏன் அஞ்சுகிறார்கள்?

விபத்துகள் அரிதாக இருந்தும் வட கடல் எண்ணெய் மேடைத் தொழிலாளர்கள் ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 2009-இல் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் 16 பேரும், 2016-இல் நார்வேயின் டூரோய் அருகே 13 பேரும் இறந்த விபத்துகள் இரண்டிலும், சூப்பர் பூமா வகை ஹெலிகாப்டரின் முதன்மைக் கியர்பாக்ஸ் (எஞ்சினின் விசையை மேல் விசிறிக்குக் கடத்தும் பகுதி) சிதைந்து மேல் விசிறியே கழன்று போனது; அந்நிலையில் எவ்வளவு தேர்ந்த விமானியாலும் எதுவும் செய்ய இயலாது. கடலில் இறங்க நேர்ந்தால் சிக்கல் வேறு: எஞ்சினின் எடை மேற்பகுதியில் இருப்பதால் ஹெலிகாப்டர் எளிதில் தலைகீழாகக் கவிழும், பயணி நீருக்கடியில், இருட்டில், இருக்கைப் பட்டையை அவிழ்த்து ஜன்னலைத் தள்ளி வெளியேற வேண்டும். 2013-இல் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளருகே ஹெலிகாப்டர் ஒன்று கடலில் விழுந்த விபத்துக்குப் பின் பிரிட்டன் மேம்பட்ட அவசரச் சுவாசக் கருவியைக் கட்டாயமாக்கியதுடன், தோள் அகலமானவர்களைப் பெரிய ஜன்னலருகே அமர்த்தவும் விதி செய்தது. இவை தப்பிப்பதற்கே உதவும். கியர்பாக்ஸ் குறித்த அச்சத்தைத் தீர்க்கா. எந்த ஹெலிகாப்டரில் ஏறுவது என்பதைத் தொழிலாளர் தீர்மானிப்பதில்லை என்பதால், விபத்து விகிதத்தைக் காட்டி அவர்களை ஆறுதல்படுத்த முயல்வது பொருத்தமற்றது என்றே கருதுகிறேன்.