பொங்கல் லீவும் ஊட்டிக் குளிரும்

கே: பொங்கல் லீவுக்குப் பிள்ளைகளோடு ஊட்டி வருகிறோம். அடுத்த வாரம் உறைபனி விழுமா? தொட்டபெட்டா போனால் பார்க்கலாமா?
– மதுரை வாசகி

ப: ராத்திரி மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பாருங்கள் அம்மா. நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாமல் இருந்தால் விடியலில் புல் வெளுத்துவிடும். மேகம் போர்த்தியிருந்தால் தரையின் சூடு வெளியேறாது, வெறும் நீர்ப்பனிதான். முப்பது வருஷமாக இங்கே என் கணக்கு இதுதான், பெரும்பாலும் பொய்த்ததில்லை.

ஆனால் தொட்டபெட்டா வேண்டாம். 2,637 மீட்டர் உயரம் என்பதால் பனி அங்கேதான் அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் தலைகுந்தா, காந்தல் பக்கம் போங்கள். ஆறரைக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் கரைந்துவிடும். நீங்கள் படம் எடுக்கும் அதே பனியில் எங்கள் தேயிலைக் கொழுந்து கருகும், அது வேறு கதை.

பிள்ளைகளுக்குக் குல்லாயும் காலுறையும் முக்கியம். அறையில் கரி அடுப்பு மட்டும் மூட்டிக்கொண்டு தூங்காதீர்கள்; மூடிய அறையில் அந்தப் புகை ஆளையே கொன்றுவிடும். கேட்டால் இன்னொரு கம்பளி தருவார்கள்.