நுரையீரல் அறுவை சிகிச்சை: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறதாம். உள்ளே எப்படிப் போனது?

பதில்: உள்ளே போகவில்லை, சுற்றி நிற்கிறது. நுரையீரலுக்கு வெளியே இரண்டு மெல்லிய உறைகள். நடுவே சில மில்லி ஈரம்தான் இருக்க வேண்டும். அது பெருகினால் நுரையீரல் நசுங்கி மூச்சு வாங்கும். காசநோய், நிமோனியா, இதயப் பலவீனம், புற்று என்று எதனாலும் வரலாம். ஊசியில் எடுத்த நீரைச் சோதிக்கக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். காரணத்தைப் பார்க்காவிட்டால் மறுபடி கோத்துக்கொள்ளும்.

கேள்வி: தம்பிக்கு 21 வயது, உயரம், ஒல்லி. திடீரென்று நெஞ்சு குத்தியது. நெஞ்சில் குழாய் போட்டிருக்கிறார்கள். பாட்டிலில் குமிழி வருவதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: உயரமான, ஒல்லியான பையன்களுக்குத்தான் இது அதிகம். நுரையீரலின் உச்சியில் சின்னக் கொப்புளம் உடைந்து, உறைகளுக்கு நடுவே காற்று கசிந்திருக்கும். குழாயின் நுனி பாட்டில் தண்ணீருக்குள் சுமார் 2 செ.மீ. முங்கியிருக்கிறதல்லவா? காற்று வெளியே வரலாம், திரும்பிப் போகாது. குமிழி என்றால் காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். தம்பி இருமினால் இன்னும் வரும். மூச்சுக்கேற்பக் குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கினால் அடைப்பு இல்லை. குமிழி வரும்போது நீங்களாகக் குழாயைக் கிளிப் போட்டு மூடாதீர்கள். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கட்டும், கழிவறைக்கு நடக்கும்போதும். தம்பி புகைப்பவரா? நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆபரேஷனுக்கு எத்தனை நாள் முன்னால் சிகரெட்டை நிறுத்த வேண்டும்?

பதில்: இன்றைக்கு. 4 வாரம் கிடைத்தால் சந்தோஷம்.

கேள்வி: கத்தி வைத்துக் காற்று பட்டால் புற்று பரவும் என்கிறார்களே?

பதில்: இன்று இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். நுரையீரல் பிறந்ததிலிருந்து காற்றில்தானே இருக்கிறது?

கேள்வி: கிண்டல் வேண்டாம் டாக்டர். என் மாமாவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார்கள். ஆறு மாதத்தில் போய்விட்டார்.

பதில்: மன்னியுங்கள். ஆனால் அப்படி மூடுவது பெரும்பாலும் ஏற்கெனவே பரவிவிட்டதைப் பார்த்த பிறகுதான். இப்போது ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடுவதால் வீணாகத் திறப்பது குறைந்திருக்கிறது. 1933-இல் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு மருத்துவரின் இடது நுரையீரலை முழுதாக எடுத்தார், புற்றுக்காக. அந்த நோயாளி அதன்பின் 30 ஆண்டு வாழ்ந்தார். பல காலம் புகைத்த கிரஹாமோ 1957-இல் நுரையீரல் புற்றால் இறந்தார்.

கேள்வி: டாக்டர், அம்மாவின் பாட்டிலிலும் குமிழி...

பதில்: மேலே, தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். பாட்டில் கீழேதானே இருக்கிறது?