மோசமாக வண்டி ஓட்டுபவர்களைத் திருத்தும் ரியாலிட்டி நிகழ்ச்சிகளால் யாராவது திருந்துகிறார்களா, அல்லது எல்லாம் வெறும் நாடகமா?

சேலத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாகப் பயிற்றுநராக இருப்பவள் நான். இந்தக் கேள்விக்குப் பதில் எழுத அது ஒரு காரணம். ‘நாடகமா’ என்ற சொல் சுருக்கென்று தைத்தது இன்னொரு காரணம். உங்கள் வீட்டில் ஒருவர் கனடா நாட்டு நிகழ்ச்சியை யூடியூபில் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, மறுநாள் காலையில் அதே தவறுகளோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்கள் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். தம்பியாக இருந்தால் இவ்வளவு மரியாதையாக ‘ஒருவர்’ என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

அதில் கலந்துகொள்பவர்களில் பலர் திருந்துகிறார்கள், பார்ப்பவர்கள் திருந்துவதில்லை என்பதே என் பதில். பார்ப்பவருக்கு அந்த நிகழ்ச்சி ஒரு நற்சான்றிதழாகிவிடுகிறது. ஒருவர் நேராக நிறுத்த வேண்டிய வண்டியைச் சேற்றில் இறக்கி நிறுத்துவதைப் பார்த்தவுடன், ‘நாம் இந்த அளவுக்கு மோசமில்லை’ என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதியோடு சாவியை எடுப்பவர் முன்பைவிடச் சற்று வேகமாகவே போவார். ஆகவே உங்கள் அப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டுவதை முதலில் நிறுத்துங்கள்.

நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘கனடாஸ் வொர்ஸ்ட் டிரைவர்’ என்பது, பிரிட்டனில் 2002-இல் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியின் வடிவத்தைப் பின்பற்றி, கனடாவின் டிஸ்கவரி சேனலில் 2005 முதல் 2018 வரை 14 பருவங்கள் ஓடியது. ஆண்ட்ரூ யங்ஹஸ்பண்ட் என்பவரே தொடக்கம் முதல் கடைசிவரை தொகுத்து வழங்கினார். மோசமாக ஓட்டுபவரை அவருடைய மனைவியோ கணவரோ நண்பரோ பெற்றோரோ பரிந்துரைத்து அழைத்து வர, அவருடைய உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு பயிற்சி அளிப்பார்கள். நம் பாட்டுப் போட்டியிலும் சமையல் போட்டியிலும் மோசமாகச் செய்தவர்தான் முதலில் வெளியேறுவார். இங்கே தேறியவர் உரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போக, தேறாதவர் அடுத்த சுற்றுப் பயிற்சிக்கு நிறுத்தப்படுகிறார். பட்டம் கடைசிவரை தேறாமல் நின்றவருக்கு. யாருக்குப் பயிற்சி மிகவும் தேவையோ அவருக்கே மிக அதிகமான பயிற்சி கிடைக்கும் இந்த ஏற்பாட்டைத் தொலைக்காட்சிக்காரர்கள் யோசித்துப் பிடித்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பொறாமையே உண்டு. பயிற்சிப் பள்ளிகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: சீக்கிரம் பிடித்துக்கொள்பவரும் திணறுபவரும் ஒரே கட்டணத்தைக் கட்டி, ஒரே எண்ணிக்கையிலான வகுப்புகளை முடித்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரே வரிசையில் போய் நிற்கிறார்கள்.

பழைய கார்களை வேண்டுமென்றே நொறுங்க விடுகிறார்கள், அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்கள், அழுகிறவர் முகத்துக்கு நேரே கேமராவைக் கொண்டுபோகிறார்கள் என்றெல்லாம் இங்கே யாராவது பின்னூட்டம் இடலாம். இடுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூத்துக்கு நடுவே சொல்லித்தரும் பாடங்கள் சரியானவை. ‘எதில் மோதக் கூடாது என்று நினைக்கிறாயோ அதைப் பார்க்காதே, எங்கே போக வேண்டுமோ அங்கே பார்’ என்று அவர்கள் மீண்டும் மீண்டும் சொல்வதைத்தான், ஏற்காட்டின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நானும் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நிகழ்ச்சியில் பலரும் கவனிக்காத ஒன்று என் கண்ணில் பட்டது. பரிந்துரைத்தவர் பயிற்சியின்போது பெரும்பாலும் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கிறார். சிலர் அங்கிருந்து கத்துகிறார்கள். சிலர் ‘பரவாயில்லை, நன்றாகத்தான் ஓட்டுகிறாய்’ என்று பொய் சொல்கிறார்கள். அந்த மோசமான ஓட்டுதலில் பாதி அந்தப் பக்கத்து இருக்கையில்தான் உற்பத்தியாகிறது என்பதை என் சித்தப்பா விஷயத்தில் நேரிலேயே பார்த்தேன்.

சித்தப்பாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. அழகாபுரத்தில் வீடு, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காபியும் மிளகும். வாரக் கடைசியில் சித்தியோடு காரில் மேலே போய்விட்டு இறங்குவார். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து ஒன்று மலைப்பாதையில் கவிழ்ந்து உயிர்கள் போனபோது, பெங்களூரில் இருக்கும் அவருடைய மகள் தூக்கத்தை இழந்து, ‘அக்கா, அப்பாவை நீதான் பார்க்க வேண்டும்’ என்று என்னிடம் முறையிட்டாள். கனடாக்காரர்கள் விண்ணப்பம் போட்டுச் செய்ததை நம் வீட்டில் தொலைபேசியிலேயே செய்துவிட்டோம். சித்தப்பா சம்மதித்த விதம் மட்டும் வேறு. “உன்னைச் சைக்கிளில் உட்கார வைத்துப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவன் நான், கண்ணு. நீ எனக்குச் சொல்லித்தரப் போகிறாயா? சரி, வா, எப்படி இறங்குவது என்று நான் காட்டுகிறேன்” என்றார்.

காட்டினார். நான் பின்னிருக்கையில், சித்தி வழக்கம்போல இடப்பக்கத்தில். ஏற்காட்டைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் நியூட்ரலுக்குப் போனது. அங்கிருந்து அடிவாரம்வரை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக் ஒன்றை வைத்தே சமாளிப்பது அவருடைய பழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. வளைவில் ஹாரன் அடிப்பார், வேகத்தைக் குறைக்க மாட்டார். இடப்பக்கக் கண்ணாடி மடக்கியே இருந்தது. எப்போதோ செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில் உரசியதிலிருந்து அதை அவர் விரிப்பதே இல்லையாம். சித்தியோ ஒரு நொடிகூட ஓயவில்லை: “பஸ் வருகிறது, ஓரம் வாங்க. இடது பக்கம் பைக். குரங்கு, குரங்கு. பிரேக் பிடிங்க.” பாதி மலை இறங்குவதற்குள் பிரேக் காய்ந்த வாடை காருக்குள் வந்துவிட்டது.

என் உறவினர்கள் எல்லோரும் சொன்ன தீர்ப்பு ஒன்றுதான்: சித்தி வாயை மூடினால் அவர் ஒழுங்காக ஓட்டுவார். அதையும் சோதித்துப் பார்த்தேன். சமவெளியில், காலை நேரத்தில், சித்தியைப் பின்னால் உட்கார வைத்து, பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, இடப்பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் அவர் இடது பக்கம் திரும்பியபோது, பக்கவாட்டில் ஒட்டி வந்த பைக்கை அவர் பார்க்கவே இல்லை. பார்ப்பதற்கு அவரிடம் கண்ணாடியும் இல்லை, அந்தப் பழக்கமும் இல்லை. பள்ளியின் காரில் என் காலடியில் பிரேக்கும் கிளட்சும் இருக்கும். அது சித்தப்பாவின் சொந்தக் கார். “இடது பக்கம் பைக்!” என்று நான் கத்தியதும் வண்டி நின்றது. ஒரு நொடியில் நானும் சித்தியாகிவிட்டேன்.

இத்தனை ஆண்டுகளாக அந்தக் காரின் இடப்பக்கக் கண்ணாடியாகச் சித்திதான் இருந்திருக்கிறார். அவர் பார்க்கப் பார்க்கச் சித்தப்பா பார்ப்பதை விட்டார். இவர் விட்டதைக் கண்டு அவர் இன்னும் உரக்கச் சொன்னார். ஒருவரை மட்டும் திருத்தி என்ன பயன்? ஆகவே பயிற்சியை இருவருக்குமாக மாற்றினேன். கண்ணாடியை விரித்தாயிற்று. சித்தி இனிமேல் ‘பைக்’ என்றோ ‘பஸ்’ என்றோ சொல்லக் கூடாது, ‘கண்ணாடியில் என்ன தெரிகிறது?’ என்று கேட்கலாம், அவ்வளவுதான். சித்தப்பா அதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். சித்திக்குத்தான் மிகவும் கடினமாக இருந்தது. “நான் சொல்லாமல் விட்டு இடித்துவிட்டால் யார் பொறுப்பு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருடையது நச்சரிப்பு இல்லை, பயம்; அந்தப் பயத்துக்கு அந்தக் காரில் பிரேக் இல்லாததால் வாய் வழியாக வந்துகொண்டிருந்தது.

பெண்ணே பெண்ணைக் குறை சொல்கிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இடப்பக்கத்து ஆண்களின் கதை இதைவிட மோசம். எங்களிடம் நன்றாகக் கற்று, முதல் முறையிலேயே தேர்வில் தேறிய பெண்கள், கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு ரோடு பக்கம் ஒருமுறை போய் வந்த பிறகு சாவியைத் தொடவே அஞ்சி உரிமத்தைப் பீரோவில் வைத்துவிட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணவர்கள் பேசுவதோடு நிற்பதில்லை, ஓடும் வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கிறார்கள். பிறகு எங்களிடமே வந்து, ‘உங்கள் பள்ளியில் என்ன சொல்லித்தந்தீர்கள்? இவளுக்கு ஓட்ட வரவில்லையே’ என்று பணத்தைத் திருப்பிக் கேட்டவரும் உண்டு. எந்தச் சேனலாவது அந்தக் கணவர்களை வைத்து ஒரு போட்டி நடத்தினால் நான் ஊதியம் வாங்காமல் நடுவராகப் போவேன்.

நியூட்ரல் விஷயத்துக்கு வருகிறேன். ஆபத்து என்று எவ்வளவு சொல்லியும் சித்தப்பா அசையவில்லை. ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,200 மீட்டர். கியரில் இல்லாமல் இறங்கினால் அந்தப் பாரத்தை முழுவதும் பிரேக்தான் தாங்க வேண்டும். பிரேக் சூடேறிப் பிடிப்புக் குறையும், பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் மெத்தென்று உள்ளே போகும், தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரிகளுக்கு என்ன நேர்கிறது என்று தெரியாதா என்றெல்லாம் சொன்னேன். “லாரிக்காரன் வேறு, நான் வேறு” என்றார். கடைசியில் அவரை மாற்றியது பெட்ரோல் கணக்கு. இப்போதைய இன்ஜெக்ஷன் இன்ஜின்களில், கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபடி இறங்கும்போது பெட்ரோல் போவதே நின்றுவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிய வேண்டும். இன்ஜெக்ஷனுக்கு முந்தைய கார்புரேட்டர் இன்ஜின்களின் காலத்தில் அவர் கற்றுக்கொண்ட கணக்கு அந்தக் காலத்துக்குச் சரி, இப்போது தலைகீழ். இதைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த முறை இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே இறங்கினார். உயிருக்குச் செவிசாய்க்காதவர் காசுக்குச் செவிசாய்த்தார் என்று சிரிக்க வேண்டாம்; அவருடைய அறிவை மதித்து ஒரு கணக்கைக் காட்டும்வரை யாருமே அவருக்குக் காரணம் சொன்னதில்லை, பயம் மட்டுமே காட்டியிருக்கிறார்கள்.

முழுவதும் திருந்திவிட்டாரா? இல்லை. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி. சித்தப்பா பேருந்துக்கும் லாரிக்கும் விடுகிறார். மே மாதக் கோடை விழாவுக்கு வரும் வெளியூர்க் கார்களுக்கு மட்டும் இன்றுவரை விடுவதில்லை. கேட்டால், அவர்கள் வளைவில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குத் தீனி போடுகிறவர்கள் என்று ஒரு வழக்கை எடுத்து வைக்கிறார். செவ்வாய்ப்பேட்டைக்குள் கண்ணாடியை மடக்கும் உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவருடைய உரிமம் சட்டப்படி முற்றிலும் செல்லுபடியானது என்பதையும் சொல்ல வேண்டும். 55 வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். மருத்துவச் சான்று கேட்கிறார்கள். காலத்தில் புதுப்பித்துக்கொண்டிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. உரிமம் இடைநிறுத்தப்பட்டவர் புத்தாக்கப் பயிற்சி பெற வேண்டும் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது என்றாலும், அது மாட்டிக்கொண்ட பிறகு வரும் பாடம். உரிமம் வாங்கிய நாளுக்குப் பிறகு, நான் உட்காரும்வரை, சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எங்கே பார்க்கிறார் என்று கவனித்த பயிற்றுநர் ஒருவரும் இல்லை. கனடாக்காரர்கள் எத்தனை நாடகம் ஆடினாலும் அந்த ஒரு வேலையைச் செய்தார்கள்.

உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதில், பக்கத்து இருக்கையில் யார் உட்காருவார் என்ற தகவல் இல்லை. அம்மாவாக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வழக்கமாக அங்கே உட்காருபவரை அங்கேயே உட்கார வைத்து, நீங்களோ பயிற்றுநரோ பின்னிருக்கையிலிருந்து அரை மணி நேரம் வாய் திறக்காமல் கவனியுங்கள். எந்தப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தாலும், அந்த இன்னொருவரும் வகுப்புக்கு வருவார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வண்டியில் கூடுதலாக ஓர் ஆள் இருப்பது பிடிக்காத பயிற்றுநர்கள் உண்டு, சாக்குச் சொல்வார்கள். சம்மதிப்பவர் கிடைக்கும்வரை இன்னும் இரண்டு பள்ளிகளில் விசாரியுங்கள்.