அந்தப் பெண் ஏன் பாவம்?

கேள்வி: இங்கிலாந்தில், கெண்ட் பகுதியில் வசிக்கிறோம். குதிரையேற்றம் பழகும் எங்கள் 13 வயது மகள், இப்போது சொந்தமாகக் குதிரை கேட்கிறாள். பிறருடைய குதிரைகளைக் கட்டணத்துக்கு வைத்துப் பராமரிக்கும், ஒரு குடும்பமே சேர்ந்து நடத்தும் லிவரி யார்டுக்குச் சென்று பார்த்தோம். அந்த வீட்டுப் பெண், என் மகள் வயதுதான், லாயத்தில் லத்தி அள்ளிக்கொண்டிருந்தாள், பாவமாக இருந்தது. எல்லா வேலைகளையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் 'ஃபுல் லிவரி'யில் குதிரையை விடலாம் என்கிறேன். செலவைச் சொல்லிக் கணவர் தயங்குகிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- ஒரு தாய்

பதில்: சகோதரி, உங்கள் கணவரைச் சம்மதிக்க வைக்க நான் வழி சொல்லப்போவதில்லை. 'பாவமாக இருந்தது' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். பெற்றோருடன் நின்று, தன் வீட்டுக்குச் சோறு போடும் தொழிலில் கைகொடுக்கும் பிள்ளையைக் கண்டு உங்களுக்கு ஏன் இரக்கம் வர வேண்டும்? உங்கள் மகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நீங்கள் எழுதவே இல்லை.

அந்தப் பெண் வெறும் அழுக்கை அள்ளவில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதற்கு வரும் வயிற்றுவலி சில மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடக்கூடும். லத்தி வழக்கத்தைவிடக் குறைந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்பது லாயத்தைச் சுத்தம் செய்பவரின் கண்ணில்தான் முதலில் படும். ஈரம் ஊறிய படுக்கையிலேயே நிற்கும் குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்த்தால், அடியிலுள்ள முக்கோண வடிவ மென்பகுதி ஓரங்களில் கறுத்து, அழுகி நாறும். நீங்கள் யாரைப் பார்த்துப் பாவம் என்றீர்களோ, அவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். ஏறி ஓட்டப் பழகிய உங்கள் மகளுக்குத் தெரியுமா?

வேலைக்குப் போகும் பெரியவர்கள் ஃபுல் லிவரியை நாடுவதில் தவறில்லை. ஆனால் வளரும் பிள்ளைக்கு ஓர் உயிரை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதற்குத் தண்ணீர் வைப்பதையும் உலர்புல் போடுவதையும் கூலிக்கு விட்டால், சனிக்கிழமை வந்து ஏறி இறங்கும் உரிமையை மட்டுமே அவளுக்குக் கொடுக்கிறீர்கள். அதைப் பாசம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேலும், அந்நாட்டின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பொறுப்பிலுள்ள விலங்குக்கு, அப்பிள்ளையைப் பராமரிக்கும் பெரியவரும் பொறுப்பாளியே. குதிரை 25, 30 ஆண்டுகள் வாழக்கூடியது. மகள் படிக்க வெளியூர் போன பிறகு, ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு திருத்த ஆளை அழைக்கப்போவது யார்? அந்த லத்தியை அள்ளப்போவது யார்?

உங்கள் கணவர் பணத்தைச் சொல்லித் தயங்கினாலும், அவர் தயங்குவது சரியே. இப்போது குதிரை வாங்காதீர்கள். அந்த யார்டுக்குத் திரும்பிப் போய், வார இறுதிக் காலைகளில் மகள் அவர்களுடைய மேற்பார்வையில் லாய வேலை பழகலாமா என்று பணிவாகக் கேளுங்கள். அவர்கள் இசைந்தால் அந்தப் பெண்ணிடமே அவள் கற்றுக்கொள்ளட்டும். நீங்களும் காரில் உட்கார்ந்திருக்காமல் கூடவே இறங்குங்கள். வேலையை இழிவாகப் பார்க்கும் பார்வை உங்கள் மகளுக்கு இருந்தால், அதை உங்களிடமிருந்துதான் அவள் கற்றிருக்க முடியும். மழையும் சேறுமான குளிர்காலம் முழுவதும் அவள் முகம் சுளிக்காமல் போய்வந்தால், குதிரைப் பேச்சைக் கணவரிடம் அவளே எடுக்கட்டும்.